தமிழ் வழியில் படித்து ஐசருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம், போளூர்ப் பக்கம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்புறம் ஐசர்களில் ஒன்றில் சேர்ந்து இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படித்து முடித்தேன். ஒவ்வொரு ஆண்டும் நுழைவுத் தேர்வு முடிவு வந்ததும் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் போன் செய்வார்கள். சேர்ந்து இரண்டு மாதம் ஆனதும் அதே பிள்ளைகள் மறுபடி கூப்பிடுவார்கள். அப்போது குரல் இறங்கியிருக்கும். இந்த இரண்டு சமயத்திலும் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐசர் என்றால் ஐஐடி மாதிரியா அக்கா?

ஐசர் என்பது இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். ஒன்றிய அரசு நடத்துவது. 2006-இல் புனேவிலும் கொல்கத்தாவிலும் தொடங்கினார்கள். 2007-இல் மொகாலி, 2008-இல் போபாலும் திருவனந்தபுரமும், 2015-இல் திருப்பதி, 2016-இல் பெர்காம்பூர். மொத்தம் ஏழு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நமக்குப் பக்கம் என்றால் திருப்பதியும், பொன்முடி மலையடிவாரத்தில் விதுரா என்ற ஊரில் இருக்கும் திருவனந்தபுரம் வளாகமும்தான்.

ஐஐடியில் பொறியியல் பிரதானம். இங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்று அடிப்படை அறிவியல் பிரதானம். கடைசி ஆண்டு முழுக்க ஆராய்ச்சி. நுழைவுத் தேர்வில் நான்கு பாடத்திலும் பாடத்துக்கு 15 வீதம் 60 கேள்விகள், மூன்று மணி நேரம்.

பள்ளியில் நான்தான் முதல் மதிப்பெண். இங்கே முதல் மிட்செம்மில் (செமஸ்டர் நடுவே வைக்கும் தேர்வில்) கணக்கில் முப்பதுக்கு ஏழு. எனக்கு அறிவு இல்லையா?

எனக்கும் அதே ஏழுதான். விடைத்தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு விடுதிக்கு வந்தேன். அன்று இரவு அம்மாவிடம் தலைவலி என்று மட்டும் சொன்னேன்.

அறிவில் குறை எதுவும் இல்லை. கேள்வியின் ஜாதியே மாறிவிட்டது, அவ்வளவுதான். நாம் படித்த விதத்தில் கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரியும். பாடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு மார்க், எடுத்துக்காட்டுக் கணக்கு, முந்தைய ஆண்டு வினாத்தாள், எல்லாவற்றையும் நாலு தடவை போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு நூறு வரும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதுதான் நம்மை இங்கே கொண்டுவந்தது. ஆனால் இங்கே வினாத்தாளில் இருக்கும் நாலு கேள்வியையும் நீங்கள் முன்பு பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் மாதத்தில் எங்களுக்கு வந்த கணக்கு: ‘எக்ஸ் ஸ்கொயர் என்ற சார்பு 2 என்ற புள்ளியில் தொடர்ச்சியானது என்று நிறுவுக.’ பள்ளியில் இதை மூன்றே வரியில் முடிப்போம். இடப்பக்க எல்லை 4, வலப்பக்க எல்லை 4, சார்பின் மதிப்பும் 4, எனவே தொடர்ச்சியானது. நானும் அப்படியே எழுதினேன். பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஏன்?’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

அவர்கள் கேட்பது வேறு. எப்சிலான் என்று எவ்வளவு சின்ன எண்ணைக் கொடுத்தாலும், அதற்கு ஈடாக நான் டெல்டா என்று ஒரு எண்ணை எடுத்துத் தர வேண்டும். எக்ஸ், 2-க்கு டெல்டா தூரத்துக்குள் இருந்தால் அதன் வர்க்கம் 4-க்கு எப்சிலான் தூரத்துக்குள் கட்டாயம் வந்தாக வேண்டும். இரண்டு வாரம் எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. அப்புறம் ஒரு நாள் அப்பாவின் தையல் கடை ஞாபகம் வந்தது. தைத்து முடித்த சட்டை அரை இஞ்சுக்கு மேல் பிசகக் கூடாது என்று ஒருவர் கண்டிப்பாகச் சொன்னால், அளவெடுக்கும்போது டேப்பில் எவ்வளவு பிசகலாம் என்று அப்பா முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வார். கால் இஞ்சு என்று இன்னும் கண்டிப்பாகச் சொன்னால் டேப்பை இன்னும் கவனமாகப் பிடிப்பார். சட்டையில் பொறுத்துக்கொள்ளும் பிசகு எப்சிலான், டேப்பில் பொறுத்துக்கொள்ளும் பிசகு டெல்டா.

அதற்கப்புறம் கணக்கு தானாக நகர்ந்தது. எக்ஸ் ஸ்கொயரில் 4-ஐக் கழித்தால், எக்ஸ் கழித்தல் 2, எக்ஸ் கூட்டல் 2 இரண்டின் பெருக்கல். எக்ஸை 2-லிருந்து 1 தூரத்துக்குள் நிறுத்திக்கொண்டால் அது 1-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும். எனவே எக்ஸ் கூட்டல் 2 எப்படியும் 5-க்குள் அடங்கும். ஆகவே 1, எப்சிலானை 5-ஆல் வகுத்தது, இரண்டில் எது சிறியதோ அதுவே டெல்டா. முடிந்தது. அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அந்த செமஸ்டர் கணக்கில் எனக்குக் கிடைத்தது சுமாரான கிரேடுதான். மூன்றாவது செமஸ்டரில் சரியானது. அவ்வளவு நாள் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நடுவில் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். அதனால்தான் ஒவ்வொருவரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை. என்ன செய்வது?

இதில் இரண்டு சிக்கல் கலந்து கிடக்கிறது. முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கலைச்சொல். உங்களுக்கு விஷயம் தெரியும், அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. ‘டார்க்’ என்று பேராசிரியர் சொல்லும்போது நாம் முழிப்போம். அது நமக்குத் தெரிந்த திருப்பு விசைதான். ‘ஆங்குலர் மொமண்டம்’ கோண உந்தம். ‘டெரிவேட்டிவ்’ வகைக்கெழு, ‘டிடர்மினன்ட்’ அணிக்கோவை, ‘ஃபங்ஷன்’ சார்பு. இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடங்களின் வரிசை ஒன்றுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகராதியே தேவையில்லை. நான் ஆறு வாரம் எழுதினேன். ஏழாவது வாரத்துக்கு மேல் அந்த நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே அதிகம் வரவில்லை.

சொல்லப்போனால் சில இடங்களில் தமிழ்ச் சொல் நமக்குக் கை கொடுக்கும். வேகம், திசைவேகம் என்று படித்தவர்களுக்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம், பேரிலேயே திசை இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், பேச்சின் வேகமும் உச்சரிப்பும். ஒரு பேராசிரியர் வங்காளி, இன்னொருவர் மராத்தி, மற்றவர் மலையாளி. ஒவ்வொருவர் வாயிலும் ஆங்கிலம் வேறு மாதிரி ஒலிக்கும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, காது பழக வேண்டும். முதல் வரிசையில் உட்காருங்கள். வகுப்புக்கு முந்தைய இரவு அந்தத் தலைப்பைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டுப் போங்கள். என்ன சொல்லப் போகிறார் என்று ஓரளவு தெரிந்தால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வீடியோக்களை மெதுவாக ஓடவிட்டும் கேட்கலாம்.

எழுந்து கேள்வி கேட்கவே பயமாக இருக்கிறது. இலக்கணம் தப்பாகிவிட்டால்?

வகுப்பில் கேட்க வேண்டாம், டுடோரியலில் கேளுங்கள். டுடோரியல் என்பது வாரம் ஒரு முறை சின்னக் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடும் நேரம். அங்கே உதவ இருக்கும் டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட்) அண்ணனோ அக்காவோ பிஎச்டி மாணவர்கள். நம்மைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவர்கள். நோட்டை நீட்டி, மாட்டிக்கொண்ட வரியில் விரலை வைத்து, ‘திஸ் ஸ்டெப், ஒய்?’ என்று கேட்டால் போதும். நான் ஒரு செமஸ்டர் முழுக்க இந்த மூன்று சொல்லை வைத்துத்தான் ஓட்டினேன். யாரும் என் ஆங்கிலத்தைத் திருத்தவில்லை. எல்லாரும் அந்த வரியைத்தான் பார்த்தார்கள்.

பேராசிரியர் அறைக்கும் போகலாம். போவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ‘இந்தக் கணக்கில் இதுவரை வந்தேன், இதற்கு மேல் போகவில்லை’ என்று நீங்கள் முயன்று பார்த்த தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். நம் ஊரில் வாத்தியார் முன்னால் கை கட்டி நின்றே பழக்கம். இங்கே உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள்.

ஆய்வகத்தில் சரியான விடை வரவில்லை. 9.8 என்று மாற்றி எழுதிவிடலாமா?

வேண்டாம். இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன்.

பள்ளி ஆய்வகத்தில் விடை முன்னாலேயே தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி அளவுகளை நிரப்பியவர்கள் நம்மில் நிறைய பேர். என் முதல் சோதனை தனி ஊசல். இருபது அலைவுக்கு எடுத்துக்கொண்ட நேரம் 40.18 விநாடி, நூலின் நீளம் 99 செண்டிமீட்டர். ஈர்ப்பு முடுக்கம் 9.68 என்று வந்தது. பென்சிலை எடுத்து நீளத்தைத் திருத்தப் போனேன். டிஏ அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தி, ‘இந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று முதலில் கணக்குப் போடு’ என்றார்.

நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி தவறலாம். நாற்பது விநாடியில் அது அரை சதவீதம். நேரம் சூத்திரத்தில் வர்க்கமாக வருவதால் ஒரு சதவீதமாகிறது. ஆக 9.68, கூட்டவோ கழிக்கவோ 0.1. இதற்குள் 9.78 எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் தென்னிந்தியாவில் உண்மையான மதிப்பே கிட்டத்தட்ட 9.78தான், புத்தகத்து 9.8 ஒரு வசதிக்காகச் சுருக்கியது. அக்கா அதோடு விடவில்லை. ‘நூலை எங்கிருந்து எங்கே அளந்தாய்?’ என்று கேட்டார். குண்டின் கொக்கி வரை அளந்திருந்தேன். குண்டின் நடுப்புள்ளி வரை அளந்திருக்க வேண்டும். நடுவே விட்டுப்போனது ஒரு செண்டிமீட்டர். அதைச் சேர்த்தால் சரியாக 9.78.

நீளத்தை மாற்றி எழுதியிருந்தால் அந்த ஒரு செண்டிமீட்டரை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஆய்வக நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தப்பானால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், கீழே இருப்பது படிக்கும்படி இருக்கட்டும்.

நான் கணினி அறிவியல் குரூப். முதலாண்டில் உயிரியல் வேறு படிக்க வேண்டுமாமே?

ஐசருக்கு ஐசர் பாடத்திட்டம் கொஞ்சம் மாறும். பொதுவாக முதலாண்டில் நான்கு பாடமும் எல்லாருக்கும் உண்டு. பயப்பட வேண்டாம். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கும் இங்கே கற்பிக்கும் முறை புதிதுதான். பெயர்களை மனப்பாடம் செய்வது குறைவு, ஒரு சோதனையைக் கொடுத்து ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்பது அதிகம். உயிரியல் குரூப் எடுத்த தோழியோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: அவள் செல்லைச் சொல்லித்தரட்டும், நீங்கள் பைத்தானைச் சொல்லித்தாருங்கள்.

கம்ப்யூட்டரையே சரியாகத் தொட்டதில்லை.

விடுதியில் ஒரு மாதத்தில் வந்துவிடும். தட்டச்சு மட்டும் ஊரிலேயே பழகிவிட்டு வாருங்கள்.

ராஜஸ்தானின் கோட்டா நகரில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி எடுத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு எப்படி ஈடு கொடுப்பது?

முதல் செமஸ்டரில் அவர்கள் முன்னால் இருப்பார்கள், அது உண்மை. ஐஐடி போன்றவற்றின் நுழைவுத் தேர்வான ஜேஇஇக்கு இரண்டு மூன்று ஆண்டு தயாரானவர்களுக்கு இயக்கவியலும் நுண்கணிதமும் ஏற்கெனவே கைக்குப் பழகியவை. மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் குவாண்டம் இயக்கவியல், குலக் கோட்பாடு என்று வரும்போது எல்லாருக்குமே பாடம் புதிது. அங்கே வரிசை மாறுவதை நானே பார்த்தேன்.

அவர்களைப் போட்டியாளர்களாக மட்டும் பார்க்காதீர்கள். என் அறைத்தோழி அப்படிப் பயிற்சி எடுத்து வந்தவள்தான். இயக்கவியலில் பாதியை அவளிடம்தான் கற்றேன். விடுதி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் போட்டுக் காட்டுவாள்.

ஒரு பாடத்தில் எஃப் வந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது? போய்விடலாமா என்று இருக்கிறது.

முதலில், அந்தப் பாடத்தை மறுபடி எடுத்து முடிக்க வழி உண்டு. எப்போது, எப்படி என்பதை உங்கள் ஆலோசகராக நியமிக்கப்பட்டிருக்கும் பேராசிரியரிடம் கேளுங்கள். எல்லா மாணவருக்கும் ஒருவர் இருப்பார். முதல் வாரத்திலேயே அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். ‘ஒரு பாடத்தில் பாஸ் ஆகவில்லை, மறுபடி எழுதப் போகிறேன்’ என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். நான் தலைவலி என்று மறைத்த அந்த ராத்திரி பாரமாகிக்கொண்டே போனது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். ‘சரி, பிரிச்சுத் தைக்கலாம்’ என்றார். மறுபடி மிஷினை ஓட்டினார்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், மனசு கெட்ட எண்ணத்தின் பக்கமே போய்க்கொண்டிருந்தால் அது மதிப்பெண் சம்பந்தப்பட்டது இல்லை, உடனே கவனிக்க வேண்டியது. வளாகத்தில் மனநல ஆலோசகர் இருப்பார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். பக்கத்து அறை அக்காவை நடு ராத்திரியில் எழுப்பினாலும் தப்பில்லை. எங்கள் எல்லாரையும் யாராவது ஒருவர் அப்படி எழுப்பியிருக்கிறார்கள்.

பணத்துக்கு என்ன வழி?

ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 உங்கள் கணக்கில் வரும், மீதி 20,000 கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கானது. பிளஸ் டூவில் உங்கள் வாரியத்தின் மேல் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தகுதி. விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்த்து, பணம் கைக்கு வர நாளாகும். எனவே முதல் செமஸ்டர் செலவுக்கு வேறு வழி வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் இப்படிப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையம் இல்லாமல் கடன் கிடைக்கிறது. சாதி, வருமானச் சான்றிதழ்களை ஜூன் மாதத்துக்குள் வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைய முடியாது.

‘ஏம்மா, டாக்டரும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. அஞ்சு வருஷம் படிச்சிட்டு பிள்ளை என்னதான் ஆகும்?’

இது பெற்றோர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. ஐயா, அம்மா, உள்ளதைச் சொல்கிறேன். பொறியியல் கல்லூரி மாதிரி கடைசி ஆண்டில் கம்பெனிகள் வரிசையாக வந்து ஆள் எடுக்கும் இடம் இது இல்லை. பெரும்பாலானோர் அடுத்து பிஎச்டிக்குப் போகிறார்கள், இங்கேயோ வெளிநாட்டிலோ. அதற்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். பிஎச்டி வேண்டாம் என்பவர்கள் தரவு சார்ந்த வேலைக்கோ, மருந்து நிறுவனங்களுக்கோ, ஆசிரியப் பணிக்கோ போகிறார்கள்.

வீட்டுக்கு உடனே சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் யோசித்துச் சேருங்கள். அதைப் பிள்ளையிடமும் மறைக்காமல் பேசுங்கள். சேர்ந்த பிறகு போனில் கேட்கும்போது ‘எத்தனை மார்க்?’ என்பதோடு ‘இன்னிக்கு என்ன படிச்ச?’ என்றும் கேளுங்கள். எங்கள் அம்மா எட்டாவது வரை படித்தவர். அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லப் போய்த்தான் எனக்கே பல விஷயம் தெளிவானது.

இங்கே தனியாக இருக்கிற மாதிரி இருக்கிறது. நம் ஊரில் அறிவியல் என்று எதுவுமே இல்லையே?

இந்த எண்ணம் எனக்கும் இருந்தது. அதைக் கலைத்தவள் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வகுப்புத்தோழி. ‘உன் ஊர் ஜவ்வாது மலைப் பக்கமா? அப்படியானால் காவலூர் பக்கம்தானே!’ என்று கண் விரியக் கேட்டாள். எனக்குக் காவலூர் தெரியாது. ஜவ்வாது மலையில் வாணியம்பாடிப் பக்கம் இருக்கும் வானாய்வகம் அது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-இல் தெரியவந்தபோது, அந்த இரவு அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் அதே மலைத்தொடரில்.

அடுத்த கோடை விடுமுறையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. சந்தன மரம் தெரிகிறதா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்த தம்பி, வெள்ளை நிறக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரிந்ததும் என் கையைக் கிள்ளினான்.